பழைய பிக்கப் வண்டியிற் பற்றரி வெறுமையாதல்: காரணங்களும் கண்டறியும் முறையும்

விளைபொருளை உண்டாக்குவதோடு கமக்காரரின் கடமை முடிவதில்லை. அதனை வாடாமற் சந்தைக்குச் சேர்ப்பதும் கமத்தொழிலின் ஒரு பகுதியேயாம். மாலையிற் பறித்த கத்தரி, தக்காளி, கீரை ஆகியவற்றை அதிகாலையில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ திருநெல்வேலிச் சந்தைக்கோ கொண்டு செல்ல வேண்டிய வேளையில் வண்டி இயங்க மறுக்குமாயின், அன்றைய விலை தவறிவிடும். வெயில் ஏறிய பின்னர் சேரும் பொருளுக்குப் பாதி விலையும் கிடைப்பது அரிது. பல மாத உழைப்பின் பயன் ஒரு காலையிற் குறைந்துவிடுகின்றது.

நம் நாட்டிற் கமத்துக்குப் பயன்படும் பிக்கப் வண்டிகளுட் பல இருபது, முப்பது ஆண்டுகள் பழைமையானவை. 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி இடைநிறுத்தப்பட்டு, 2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டமையால், பழைய வண்டிகளைப் பேணி வைத்திருப்பதன் அவசியம் முன்னையிலும் மிகுந்தது. இத்தகைய வண்டிகளில் அடிக்கடி காணப்படும் குறை, இரவு நிறுத்திய வண்டியின் பற்றரி காலையில் வெறுமையாகி இருத்தலாம். இக்குறை தோன்றியவுடன் புதிய பற்றரியை வாங்கி வைப்பது பலரது வழக்கம். நோய் இன்னதென்று அறியாமல் மருந்து தெளிப்பதற்கு இது ஒப்பாகும். வண்டியில் மின்னொழுக்கு இருக்குமாயின், புதிய பற்றரியும் சில கிழமைகளில் அதே கதியை அடையும். செலவு இரட்டிப்பதன்றி வேறு பயனில்லை.

இத்துண்டுப் பிரசுரத்திற் கூறப்படும் முறைப்படி ஒழுங்காகச் சோதித்தால், பெரும்பாலான குறைகளைக் கமக்காரர் தாமே கண்டறியலாம். இதற்குத் தேவையானவை ஒரு மல்ரிமீற்றர், ஐந்து வாற்று மின்குமிழொன்று, இரண்டு துண்டு வயர், ஒரு ஸ்பனர் ஆகியவையே.

1. மூன்று வேறு குறைகள்

"பற்றரி இறங்கிவிட்டது" என்று நாம் கூறும்போது, அதன் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

(அ) பற்றரி தானே பழுதடைந்து, ஏற்றிய மின்னைத் தாங்கி வைத்திராமை.

(ஆ) எஞ்சின் ஓடும்போது ஒல்ரனேற்றர் பற்றரிக்குப் போதிய மின்னை ஏற்றாமை.

(இ) வண்டி நிற்கும்போது ஏதேனுமொரு வழியால் மின் ஒழுகிச் செல்லுதல்.

வெளித்தோற்றத்தில் இம்மூன்றும் ஒன்றுபோலவே தோன்றும். திறப்பைத் திருப்பினால் "டிக், டிக்" என்ற ஒலி மாத்திரம் கேட்கும். ஆயின் இவற்றுக்குரிய பரிகாரங்கள் வெவ்வேறானவை. ஆகையால் முதலில் இம்மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

2. தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

பற்றரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிப்படும். இது ஒரு தீப்பொறியால் வெடிக்கக் கூடியது. எனவே பற்றரிக்கு அருகிற் சுருட்டோ தீக்குச்சியோ கூடாது. பற்றரியிலுள்ள அமிலம் கண்ணிற் பட்டால் உடனே நிறைந்த நீராற் பல நிமிட நேரம் கழுவி, வைத்தியரை நாடுதல் வேண்டும். கைவிரல் மோதிரத்தையும் உலோகப் பட்டியுள்ள கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்த பின்னரே வேலையைத் தொடங்குக.

பற்றரியின் இரு முனைகளுள் எது வண்டியின் சட்டத்தோடு இணைக்கப்பட்டுள்ளதோ, அம்முனையை முதலிற் கழற்றி, இறுதியிற் பூட்டுதல் வேண்டும். இவ்வாறு செய்தால் ஸ்பனர் தவறி வண்டியின் உடலிற் பட்டாலும் தீப்பொறி எழாது. இக்கால வண்டிகளில் எதிர்முனையே சட்டத்தோடு இணைந்திருக்கும். ஆயினும் 1950களிலும் 1960களின் முற்பகுதியிலும் செய்யப்பட்ட பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் நேர்முனை சட்டத்தோடு இணைக்கப்பட்டிருந்தது. அத்தகைய வண்டியை வைத்திருப்போர் வயரைப் பார்த்து உறுதி செய்துகொள்க. கீழே கூறப்படுவன யாவும் எதிர்முனை சட்டத்தோடு இணைந்த வண்டிகளுக்குரியவை.

3. முதற் சோதனை: பற்றரியைப் பார்த்தல்

பற்றரியின் மேற்பரப்பைப் பார்க்க. அங்கே சேறும் ஈரமும் அமிலக் கசிவும் படிந்திருந்தால், அப்படிவினூடாகவே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிதளவு மின் ஓடிக்கொண்டிருக்கும். முனைகளிற் பச்சை அல்லது வெண்ணிறப் பூப்பு இருந்தால் அதுவும் மின்னோட்டத்தைத் தடுக்கும். ஒரு போத்தல் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைக் கரைத்து, மூடிகள் இறுக்கமாக இருப்பதைப் பார்த்தபின், அக்கரைசலாற் பற்றரியின் மேற்புறத்தைத் துடைத்துக் கழுவுக. கரைசல் உள்ளே புகலாகாது. பின்னர் நன்னீராற் கழுவி, உலர்த்தி, முனைகளைச் சுரண்டித் துலக்கிப் பூட்டி, மேலே சிறிதளவு கிறீசு பூசுக.

மூடி திறக்கக் கூடிய பற்றரியாயின், ஆறு அறைகளிலும் தகடுகள் மூழ்கும்படி திரவம் இருத்தல் வேண்டும். குறைந்திருந்தாற் காய்ச்சி வடித்த நீரையே ஊற்றுக. கிணற்று நீரை ஊற்றலாகாது. சிறப்பாக யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறுவதாகையால், கரைந்த உப்புக்கள் மிக்கது. அவ்வுப்புக்கள் தகடுகளைக் கெடுத்துப் பற்றரியின் ஆயுளைக் குறைக்கும்.

4. இரண்டாவது சோதனை: ஓரிரவுச் சோதனை

பற்றரியை முழுமையாக மின்னேற்றுவிக்க. ஏற்றிய சில மணி நேரத்தின் பின் மல்ரிமீற்றரை 20 வோல்ற் நேரோட்ட அளவிற் திருப்பி, இரு முனைகளிலும் வைத்து அளவைக் குறித்துக்கொள்க. ஓய்ந்திருக்கும் 12 வோல்ற் பற்றரியின் நிலையைப் பின்வரும் அளவுகள் ஏறக்குறையக் காட்டும்.

12.6 வோல்ற் அல்லது அதற்கு மேல்: நிறைந்துள்ளது.
12.4 வோல்ற்: முக்காற் பங்கு.
12.2 வோல்ற்: அரைப் பங்கு.
12.0 வோல்ற்: காற் பங்கு.
11.9 வோல்ற்றும் அதற்குக் கீழும்: வெறுமை.

பன்னிரண்டு வோல்ற் என்று எழுதப்பட்டிருப்பதால், 12.0 வோல்ற் காட்டும் பற்றரி நல்ல நிலையிலுள்ளது எனப் பலர் எண்ணுவர். அஃது தவறு. அப்பற்றரியில் நாலில் மூன்று பங்கு ஏற்கெனவே போய்விட்டது.

அளவைக் குறித்த பின் எதிர்முனை வயரைக் கழற்றி வைத்துவிட்டு, மறுநாட் காலையில் மீண்டும் அளக்க. அளவு குறையாதிருந்தாற் பற்றரி மின்னைத் தாங்குகின்றது. வயர் கழற்றியிருந்தும் 12.4 வோல்ற்றுக்குக் கீழ் இறங்கியிருந்தாற் குறை பற்றரியிலேயே உள்ளது. அப்போதுதான் புதிய பற்றரி வாங்குதல் தகும்.

மீற்றர் இல்லாதோரும் இச்சோதனையைச் செய்யலாம். வயரைக் கழற்றி வைத்த இரவின் மறுநாள் எஞ்சின் எளிதில் இயங்கி, வயரைப் பூட்டி வைத்த இரவின் மறுநாள் இயங்க மறுத்தால், மின் வண்டியினூடாகவே ஒழுகுகின்றது என்பது தெளிவு.

5. மூன்றாவது சோதனை: மின்னேற்றத்தைப் பார்த்தல்

எஞ்சினை இயக்கி, சற்று வேகமாக ஓடவிட்டு, விளக்குகளை அணைத்த நிலையிற் பற்றரி முனைகளில் அளக்க. மீற்றர் 13.8 முதல் 14.5 வோல்ற் வரை காட்டினால் ஒல்ரனேற்றர் தன் வேலையைச் செய்கின்றது. 13.2 வோல்ற்றுக்குக் கீழே நின்றால் முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு வார்ப்பட்டியைப் பார்க்க. பட்டியின் நடுவிற் பெருவிரலால் அழுத்தும்போது அது ஏறக்குறைய அரை அங்குலத்துக்கு மேல் தாழுமாயின் தளர்ந்துள்ளது எனக் கொள்க. அளவு 15 வோல்ற்றை எட்டினால் மின் மிகையாக ஏறுகின்றது. திரவம் விரைவில் வற்றுவதும் இதன் அறிகுறியாம்.

6. ஒழுக்கின் அளவும் அதன் விளைவும்

ஒழுக்கைத் தேடுமுன், எவ்வளவு ஒழுக்கு எவ்வளவு காலத்திற் தீங்கு செய்யும் என்பதைக் கணக்கிட்டறிதல் நன்று. 70 அம்பியர்-மணிப் பற்றரியொன்றை எடுத்துக்கொள்வோம். அதிற் பாதி, அதாவது 35 அம்பியர்-மணி, குறைந்துவிட்டால் டீசல் எஞ்சினைச் சுழற்றுவது கடினமாகும்.

மணிக்கூடு, வானொலியின் நினைவு போன்றவற்றுக்காக 20 முதல் 50 மில்லியம்பியர் வரை செல்வது வழமை. 50 மில்லியம்பியர் ஒரு நாளில் 1.2 அம்பியர்-மணியை எடுக்கும். இதனாற் பற்றரி பாதியாக 29 நாட்கள் செல்லும். இதனைப் பொருட்படுத்த வேண்டுவதில்லை.

முன்பக்கப் பெட்டியினுள் உள்ள 5 வாற்று விளக்கு அணையாமல் எரிந்துகொண்டிருந்தால், அது 0.4 அம்பியர் எடுக்கும். ஒரு நாளில் ஏறக்குறைய 10 அம்பியர்-மணி போய்விடும். மூன்றரை நாளிற் பற்றரி பாதியாகும்.

இக்கணக்கிலிருந்து ஓர் உண்மை புலப்படும். நாள்தோறும் நெடுந்தூரம் ஓடும் வண்டியில் இவ்வொழுக்குத் தெரியவராது. ஓடும்போது ஏறும் மின் இழப்பை ஈடுசெய்துவிடும். கிழமைக்கு இருமுறை மாத்திரம் சந்தைக்குச் செல்லும் வண்டியிலேயே இது வெளிப்படும். தாம் வண்டியை ஓட்டும்போது இல்லாத குறை, அறுவடை முடிந்து வண்டி நிற்கத் தொடங்கியதும் வந்துவிட்டதாகச் சிலர் எண்ணுவர். உண்மையில் அக்குறை முன்னரும் இருந்ததேயாம்.

டீசல் வண்டியிற் குளோ பிளக்குகளுக்கு மின் கொடுக்கும் றிலே ஒட்டிக்கொண்டுவிட்டால் நிலைமை வேறு. நான்கு பிளக்குகளும் சேர்ந்து 40 அம்பியர் அளவில் எடுக்கக் கூடும். இரண்டு மணி நேரத்துக்குள் நிறைந்த பற்றரியும் வெறுமையாகிவிடும்.

7. நான்காவது சோதனை: மின்குமிழாற் பார்த்தல்

மீற்றரைக் கொண்டு ஓட்டத்தை அளக்குமுன் மின்குமிழாற் பார்த்தல் அவசியம். ஏனெனில், சாதாரண மல்ரிமீற்றர் 10 அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டத்தைத் தாங்காது. மேற்கூறிய றிலே போன்ற பெரும் ஒழுக்கு இருந்தால் மீற்றரின் பியூஸ் எரிந்துவிடும்.

திறப்பை எடுத்துவிடுக. எல்லா ஆளிகளையும் அணைக்க. கதவுகளை மூடுக. பொனற்றின் அடியில் விளக்கு இருந்தால் அதன் குமிழைக் கழற்றி வைக்க. பின்னர் எதிர்முனை வயரைக் கழற்றி, கழற்றிய வயருக்கும் பற்றரியின் எதிர்முனைக்கும் இடையே 5 வாற்றுக் குமிழை இணைக்க.

குமிழ் முழு ஒளியோடு எரிந்தாற் பெரிய ஒழுக்கு உண்டு. மீற்றரை இணைக்காது, குமிழை வைத்துக்கொண்டே 9ஆம் பகுதியிற் கூறியவாறு தேடுக. மங்கலாக எரிந்தால் நடுத்தர ஒழுக்கு. எரியாவிடின் ஒழுக்கு இல்லை என்று முடிவு செய்தலாகாது. குமிழை ஒளிரச் செய்யாத சிறு ஒழுக்கு இருத்தல் கூடும். அதனை மீற்றரே காட்டும்.

8. ஐந்தாவது சோதனை: மீற்றரால் அளத்தல்

மல்ரிமீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துவாரத்துக்கு மாற்றுக. ஆளியையும் நேரோட்ட 10 அம்பியருக்குத் திருப்புக. குமிழ் இருந்த இடத்தில் மீற்றரை இணைக்க. மீற்றர் இணைந்திருக்கும்போது எக்காரணத்தைக் கொண்டும் திறப்பைத் திருப்பி எஞ்சினை இயக்க முயலலாகாது. அவ்வாறே, சிவப்பு வயர் அம்பியர் துவாரத்தில் இருக்கும்போது மீற்றரை நேரே பற்றரியின் இரு முனைகளிலும் வைத்தலும் ஆகாது.

எதிர்ப்புக் கருவி, இடங்காட்டிக் கருவி போன்றவை பின்னர் பூட்டப்பட்டிருந்தால், அவை ஓய்வு நிலையை அடைய அரை மணி நேரம் காத்திருந்து அளவைப் பார்க்க. 0.05 அம்பியருக்குக் கீழ் இருந்தால் வண்டியில் ஒழுக்கில்லை. அதற்கு மேற்படின் தேடுதலைத் தொடங்குக.

9. ஒழுக்கின் இடத்தைத் தேடுதல்

பியூஸ் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பியூஸாகக் கழற்றி, மீற்றரை அல்லது குமிழைப் பார்த்து, மீண்டும் அதே இடத்திற் பூட்டுக. எந்தப் பியூஸைக் கழற்றும்போது அளவு சட்டென்று விழுகின்றதோ, அல்லது குமிழ் அணைகின்றதோ, அப்பியூஸுக்குரிய பகுதியிலேயே ஒழுக்கு உண்டு. அப்பகுதியைச் சார்ந்த விளக்கு, ஹோன், வானொலி முதலியவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாற் குற்றமுள்ள பொருள் அகப்படும்.

எல்லாப் பியூஸ்களையும் கழற்றியும் அளவு குறையாவிடின், பியூஸைச் சாராத பொருள்களைப் பார்த்தல் வேண்டும். அவை ஒல்ரனேற்றர், ஸ்ராட்டர், குளோ பிளக் றிலே, பின்னர் நேரே பற்றரியிற் பூட்டிய பொருள்கள் ஆகியவையாம். ஒல்ரனேற்றரைச் சோதிக்கும்போது, முதலிற் பற்றரியின் எதிர்முனையிலுள்ள மீற்றரை அகற்றுக. அதன் பின் ஒல்ரனேற்றரின் தடித்த வயரைக் கழற்றி, ஒட்டுநாடாவாற் சுற்றி, எங்கும் படாமல் வைக்க. மீற்றரை மீண்டும் இணைத்துப் பார்க்கும்போது அளவு விழுந்திருந்தால், ஒல்ரனேற்றரின் உள்ளே உள்ள டையோட்டுகள் பழுதடைந்துள்ளன. ஒல்ரனேற்றர் மின்னை நன்றாக ஏற்றிக்கொண்டிருக்கும்போதே இப்பழுது இருத்தல் கூடும் என்பதை மறத்தலாகாது. டைனமோ உள்ள மிகப் பழைய வண்டிகளிற் கட்-அவுட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொள்வதே இதற்கு ஒப்பான குறையாம்.

10. கமத்து வண்டிகளிற் சிறப்பாகக் காணப்படும் காரணங்கள்

நகர வண்டிகளில் அருமையாகவும் கமத்து வண்டிகளில் அடிக்கடியும் தோன்றும் காரணங்கள் சில உண்டு.

உரம்: மியூரியேற்றுப் பொற்றாசு முதலிய உரங்களின் தூள் ஈரத்தை இழுத்து உலோகத்தை அரிக்கும். பின்தட்டில் உரம் ஏற்றியபின் கழுவாத வண்டியில், பின்விளக்குக் கூடுகளிலும் இழுவைப் பெட்டிக்குரிய மின் துளையிலும் பூப்புப் பிடித்து, அதனூடாக மின் ஒழுகும்.

எலி: நெல் மூடைகள் இருக்கும் கொட்டிலில் நிறுத்தப்படும் வண்டியின் வயர்களை எலி கடித்துவிடும். உறை போன செப்புக்கம்பி வண்டியின் உடலிற் பட்டால் ஒழுக்கு உண்டாகும்.

பிறேக் ஆளி: மிதியைத் தடுக்கும் சிறு இறப்பர் துண்டு உதிர்ந்துவிட்டாற் பிறேக் விளக்கு அணையாமல் எரியும். பகலில் இதனைக் காண்பது அரிது. இருளிற் சென்று வண்டியின் பின்புறத்தைப் பார்க்க.

பின்னர் பூட்டிய பொருள்கள்: வானொலிப் பெருக்கி, கைத்தொலைபேசி மின்னேற்றி, மேலதிக விளக்கு ஆகியவற்றைத் திறப்பின் கட்டுப்பாட்டில் இணைக்காது நேரே பற்றரியில் இணைத்தல்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். மரக்கறிச் செய்கையாளர் ஒருவர் ஆறு மாதத்துள் இரண்டு பற்றரிகள் வாங்கினார். மூன்றாவதை வாங்குமுன் அவரது வண்டியை மேற்கூறிய முறைப்படி சோதித்தபோது 0.45 அம்பியர் ஒழுக்குக் காணப்பட்டது. உள்விளக்குக்குரிய பியூஸைக் கழற்றியதும் அது மறைந்தது. முன்பக்கப் பெட்டியின் மூடி வளைந்திருந்தமையால், மூடிய பின்னரும் அதன் ஆளி அழுந்தவில்லை. உள்ளே விளக்கு இரவும் பகலும் எரிந்துகொண்டிருந்தது. மூடியை நிமிர்த்தியதே பரிகாரமாயிற்று. முன்னர் மாற்றி வைத்திருந்த பற்றரிகளுள் ஒன்று முறையாக மின்னேற்றியபின் மீண்டும் பயன்பட்டது. மற்றையது நீண்டகாலம் வெறுமையாகக் கிடந்தமையால் தகடுகள் கெட்டுப் பயனற்றுப் போயிற்று. இறங்கிய பற்றரியை மின்னேற்றாமற் போட்டு வைத்தலாகாது என்பதற்கும் இது சான்றாகும்.

11. செய்யத் தகாதவை

எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் சிகறெற் பெட்டியின் வெள்ளித்தாளையோ செப்புக்கம்பியையோ வைத்தலாகாது. பியூஸ் எரியாவிடின் வயர் எரியும். வயர் எரிந்தால் வண்டியே எரியும்.

வேறு வண்டியிலிருந்து மின் எடுக்கும்போது 24 வோல்ற் லொறியிலிருந்து எடுத்தலாகாது. 12 வோல்ற் உழவு இயந்திரத்திலிருந்து எடுக்கலாம். நேர்முனையை நேர்முனையோடு இணைத்தபின், உதவும் வண்டியின் எதிர்முனையை இறங்கிய வண்டியின் எஞ்சினுடலிற் பொருத்துக. பற்றரி முனையிற் பொருத்தினால் வாயுவுக்கு அருகே தீப்பொறி எழும்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது சோதனைக்காகப் பற்றரி வயரைக் கழற்றுதல் கூடாது. ஒல்ரனேற்றர் பழுதாகும்.

பழைய பற்றரியை உடைத்து அமிலத்தை வயலிலோ கிணற்றுக்கு அருகிலோ ஊற்றுதல் பெருந்தீங்கு. அதிலுள்ள ஈயம் மண்ணையும் நீரையும் நஞ்சாக்கும். புதிய பற்றரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையிற் கழித்துக்கொள்க.

12. சுருக்கம்

முதலிற் பற்றரியைத் துப்புரவாக்குக. ஓரிரவுச் சோதனையாற் பற்றரியையும் வண்டியையும் பிரித்தறிக. மின்னேற்றத்தை அளக்க. குமிழாற் பார்த்த பின்னரே மீற்றரை இணைக்க. பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தேடுக. காரணம் அகப்படும்வரை புதிய பொருள் எதையும் வாங்காதிருக்க.

காரணம் அகப்படாத நிலையிலும் அறுவடைக் காலம் வந்துவிட்டால், இரவில் எதிர்முனை வயரைக் கழற்றி வைத்துக் காலையிற் பூட்டிக்கொள்ளலாம். இது தற்காலிக ஏற்பாடேயன்றிப் பரிகாரமாகாது. போகம் முடிந்ததும், நீங்கள் குறித்து வைத்த அளவுகளை எழுத்திற் கொண்டு சென்று மின்வேலை அறிந்த திருத்துநரிடம் காட்டுக. அளவுகள் கையில் இருப்பின் அவர் வேலையும் விரைவில் முடியும். உங்கள் செலவும் குறையும்.